தீட்டுறதும் தீட்டும்

தமிழில் 'தீட்டு' என்பது ஒரே சொல்தான். கத்தியைக் கல்லில் வைத்துக் கூராக்கினாலும் தீட்டு. நம்மைத் தொட்டால் ஒட்டிக்கொள்கிறது என்று சாதி இந்து சொல்வதும் தீட்டு. பின்னது 'தீண்டு' என்பதிலிருந்து வந்தது, முன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இலக்கணப் பண்டிதர்கள் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும். சவரக்கத்தியின் வரலாற்றில் இந்த இரண்டு தீட்டும் ஒரே கல்லின் மேல்தான் கிடந்தன. ஒன்றை எழுதப் போனால் மற்றது தானாக வந்து நிற்கிறது.

நான் இங்கே கேட்கிற கேள்வி சின்னது. சவரக்கத்தி தீட்டுறதுல ஒருத்தர் கைதேர்ந்தவர்னு யார் தீர்ப்பு சொல்றது? எதை வெச்சு சொல்றது? கத்தி செய்த வேலையை வைத்தா, கத்தி பிடித்த கையின் பிறப்பை வைத்தா?

இதைக் கேட்க எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. எங்கள் ஊர் பழைய வடஆற்காட்டில் குடியாத்தம் பக்கம். ஊர் நாவிதர் சேரிக்குள் வரமாட்டார். எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். எங்கள் பக்கத்துச் சேரிகளிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். அங்கே லைன் வீடுகளில் நம்ம சனமே நம்ம சனத்துக்குச் சவரம் பண்ணிக்கொண்டது. தாத்தாவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பி வரும்போது இரண்டு சாமான் கொண்டு வந்தார். ஒன்று, சோலிங்கன் முத்திரை குத்திய ஜெர்மன் மடக்குக் கத்தி. இன்னொன்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் கல். பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பக்கம் வெட்டியெடுக்கிற கல் அது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தாத்தாவுக்கு அது 'மஞ்சக்கல்லு', அவ்வளவுதான். அவருக்குப் பிறகு எங்க நைனா அதைப் பிடித்தார். நைனாவிடம் நான் தீட்டக் கற்றேன். பிழைப்புக்காக இல்லை. கற்றேன், அதனால் எழுதுகிறேன்.

2

சவரக்கத்தி தீட்டுவது அரிவாள் தீட்டுவது மாதிரி இல்லை. அரிவாளுக்குக் கோணத்தைக் கை முடிவு பண்ண வேண்டும். சவரக்கத்தியிலோ அந்தக் கோணம் கத்திக்குள்ளேயே இருக்கிறது. கனமான முதுகையும் மெல்லிய வாயையும் ஒன்றாகக் கல்லில் படுக்க வைத்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும். பொதுவாக 15-லிருந்து 20 பாகைக்குள் வரும். அப்ப கைக்கு என்ன வேலை? அழுத்தாமல் இருப்பதுதான் வேலை. புதுசாகப் பிடிக்கிறவன் எல்லோரும் அழுத்துவான். அழுத்தினால் மெல்லிய வாய் வளைந்துகொடுக்கும், ஒரு பக்கம் தேயும், இன்னொரு பக்கம் கல்லில் படாது. "கத்தியோட கனமே போதும், உன் கனத்தை அது மேல ஏத்தாத" என்பார் நைனா.

கல்லில் தள்ளும்போது வாய் முன்னால் போக வேண்டும். தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். மாற்றினால் வார் அறுபடும், கத்தி வாயும் மழுங்கும். திருப்பும்போது முதுகின் மேல்தான் உருட்ட வேண்டும். எந்தக் கட்டத்திலும் வாய் கல்லிலோ வாரிலோ நட்டுக்குத்தாக நிற்கக் கூடாது.

இனி, கத்தி ஆகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தாத்தாவுக்கு ஒரு வரிசை இருந்தது.

முதலில் காது. ஆரம்பத்தில் கல் 'கரகர' என்கும். அடியிலிருந்து நுனிவரை ஒரே சத்தமாக வந்தால்தான் வாய் முழுக்கக் கல்லில் படுகிறது என்று அர்த்தம். நடுவில் சத்தம் மாறினால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது.

அடுத்து தண்ணி. கல்லின் மேல் விட்ட தண்ணீரை மழுங்கின வாய் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். ஆன கத்தியில் தண்ணீர் வாயின் மேலேறி வரும். அடி முதல் நுனி வரை ஒரே மாதிரி ஏற வேண்டும்.

அடுத்து வெளிச்சம். வாயை நேராகச் சூரியனுக்குக் காட்டினால், மழுங்கின இடத்தில் வெள்ளைக் கோடு மின்னும். கூராக இருந்தால் ஒன்றுமே தெரியாது. தெரியாமல் இருக்கிறதுதான் கூர்.

அடுத்து நகம். நனைத்த கட்டைவிரல் நகத்தின் மேல் கத்தியைக் கனமில்லாமல் இழுத்தால், வாயில் பல் விழுந்திருந்தால் தட்டும். பிறகு விரல் சதை. குறுக்கே தொட்டுப் பார்க்க வேண்டும், நீளவாக்கில் இழுக்கக் கூடாது. ஆன கத்தி சதையில் ஒட்டுகிற மாதிரி இருக்கும்.

கடைசியில் மயிர். ஒரு மயிரைப் பிடித்துத் தொங்கவிட்டு வாயின் மேல் இறக்குவது. பார்க்கிறவர்கள் வாய்பிளக்கிற சோதனை இதுதான். ஆனால் தாத்தா இதை மதித்ததில்லை. தடித்த மயிர் சுலபமாக அறுபடும், மெல்லிசு அறுபடாது. யார் தலை மயிர் என்பதைப் பொறுத்துக் கத்திக்கு மார்க்கு மாறும். இது வேடிக்கை காட்ட உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

தீர்ப்பு முகத்தில். அதுவும் கன்னத்தில் இல்லை, கன்னத்தை யார் வேண்டுமானாலும் மழிக்கலாம். தாடைக்குக் கீழே, தொண்டைக் குழிக்குப் பக்கத்தில், மயிர் சுழித்துக்கொண்டு வளரும் இடத்தில். மழித்த பிறகு படிகாரக் கல்லைத் தேய்த்தால் சுறுசுறுவென்று எரிகிறதா? எரிந்தால் கத்தி மயிரோடு தோலையும் சுரண்டியிருக்கிறது. மறுநாள் காலையில் சிவப்பாகப் பொரி பொரியாக வந்தாலும் அதே கதைதான். சில பேர் தீட்டித் தீட்டி வாயின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஏற்றிவிடுவார்கள். தொட்டால் பயங்கரக் கூர் மாதிரி இருக்கும். இரண்டாவது இழுப்பிலேயே பிசிறு உடைந்துபோகும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்தான் கைதேர்ந்தவர். இந்தச் சோதனைகளில் எதற்கும் சாதி தெரியாது. கல்லுக்கும் தண்ணிக்கும் படிகாரத்துக்கும் யார் கை என்று தெரியாது.

3

கல்லையும் வாரையும் இரும்பையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று சொல்கிற கடினமான கல்லுக்குப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது. சேலம் பக்கம் கிடைக்கிற கல். அதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். இரும்பும் அப்படித்தான். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இரும்பு உலைகளின் தடயம் அகழாய்வில் கிடைத்தது. தென்னிந்தியாவில் மூசையில் வைத்து உருக்கிய எஃகை வெள்ளைக்காரன் 'வூட்ஸ்' என்றான். உக்கு, உருக்கு என்ற சொல்லின் திரிபு அது என்கிறார்கள். 1790-களில் பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் என்பவர் இந்த எஃகை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி அங்கே கட்டுரை வாசித்தார். அறுவைக் கருவிகளும் கத்திகளும் செய்கிற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதை அடித்துப் பார்த்து, நுண்ணிய வாய் வேண்டிய கத்திகளுக்கு இதுதான் உசத்தி என்றார். பிற்பாடு ஃபாரடேயோடு சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்தார். ஸ்காட்டுக்குப் பெயர் இருக்கிறது, பியர்சனுக்கும் ஸ்டோடார்ட்டுக்கும் இருக்கிறது. மூசையை நெருப்பில் வைத்து, எப்போது எடுக்க வேண்டும் என்று நிறத்தைப் பார்த்தே சொன்ன ஆளுக்குப் பெயர் இல்லை. பரிசோதனை செய்தவன் விஞ்ஞானி, செய்து கொடுத்தவன் 'சுதேசி'.

வாருக்கு வருவோம். சவரக்கத்திக்குக் கடைசிக் கூரைக் கொடுப்பது கல் இல்லை, தோல். எங்கள் மாவட்டத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஷாப்புகள். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிக்குள் இடுப்பளவு இறங்கி நின்றவர்கள் தலித்துகள். அந்தத் தோலில் ஒரு முழம்தான் நாவிதர் கையில் வார். காலையில் மழமழவென்று மழித்துக்கொண்டு கோயிலுக்குப் போன எந்த மிராசுதாரின் முகமும் செத்த மாட்டின் தோலைத் தொடாமல் அந்தப் பளபளப்புக்கு வரவில்லை. தோலைத் தொட்டவன் தீட்டு, தோலில் தீட்டிய கத்தி சுத்தம். இந்தக் கணக்கு எந்த வாய்ப்பாட்டில் வருகிறது?

4

நைனா சொல்லிக் கேட்டது ஒன்று. ஊர் நாவிதர் வயசாளி. கத்தியில் பல் விழுந்துவிட்டது. அவரிடம் இருந்த கல்லோ நடுவில் குழிந்துபோன கல். மறுநாள் ஊரில் பெரிய வீட்டில் ஒரு விசேஷம். இருட்டின பிறகு அவர் சேரி ஓரத்துக்கு வந்தார். கத்தியைத் தாத்தா கையில் கொடுக்கவில்லை. ஒரு பாறை மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். தாத்தா எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பல்லைப் போக்கி, வாரில் இழுத்து, அதே பாறை மேல் வைத்தார். அவர் எடுத்துக்கொண்டு, எட்டணாக் காசை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பெரிய வீட்டுக்காரர் முகத்தைத் தடவிப் பார்த்து, "இன்னிக்கிதாண்டா கத்திய ஒழுங்கா தீட்டி இருக்கற" என்று நாவிதரைப் பாராட்டினாராம். எண்பதைத் தொட்ட கிழவனுக்கு 'டா'. தாத்தா தீட்டியது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அதே கத்தி தீட்டு ஆகியிருக்கும்.

இதைச் சொல்லி நைனா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. தாத்தாவின் வேலைக்கு அந்த ஆண்டை கொடுத்த தீர்ப்பு சரியான தீர்ப்புதான். முகம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேரவில்லை. சேராமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் சாதி. தாத்தாவுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பார்க்கிற இடத்தில் அவர் இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் சத்தாராவில் கழித்த சிறுவயதைப் பற்றி எழுதுகிறார். ஊரில் நாவிதர்கள் இருந்தார்கள், கொடுக்கக் காசும் இருந்தது. ஆனால் தீண்டப்படாதவன் தலையில் கத்தி வைக்க யாரும் தயாரில்லை. அதனால் வீட்டில் பையன்களுக்கு முடி வெட்டுவதும் மழிப்பதும் மூத்த அக்காவின் வேலை. செய்து செய்தே அவர் அதில் தேர்ந்துவிட்டார் என்று அம்பேத்கர் சொல்கிறார். இந்தக் குறிப்பு 1990-ல்தான் சிறுநூலாக வெளிவந்தது. படிக்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டுவண்டிப் பயணத்தையும் பள்ளிக்கூடத் தண்ணீரையும் பற்றிப் பேசுகிறார்கள். நான் இந்த அக்காவிடம் நின்றுவிடுகிறேன். குலத்தொழில் என்று எதைச் சொல்கிறார்களோ, அதை அந்தக் குலத்தில் பிறக்காத ஒரு பெண் பழக்கத்தால் கற்றுத் தேர்ந்தாள். பரம்பரை ரத்தத்தில் ஓடுகிற வித்தை என்பதெல்லாம் அந்த ஒரு வீட்டுத் திண்ணையிலேயே பொய்யாகிவிட்டது. அவரைத் தேர்ந்தவர் என்று எழுதி வைத்தது அவர் கத்திக்குத் தலை கொடுத்த தம்பி.

5

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் தீண்டாமை ஒழிப்பு விதி நிறைவேறியது. அதே நாளில் கடைகளில் யாரையும் தடுக்கக் கூடாது என்ற விதியும் விவாதத்துக்கு வந்தது. 'கடை' என்றால் எது எது என்று கேள்வி எழுந்தபோது, அம்பேத்கர் அதற்கு அகலமான பொருள் கொடுத்தார். உள்ளே நுழைய விடுவது மட்டும் இல்லை, வருகிறவர் யாராக இருந்தாலும் அங்கே கிடைக்கிற சேவையை அவருக்கும் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் 'கடை' என்பதற்குள் சலவைக் கடையையும் முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது. 1976-ல் திருத்தப்பட்டு அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. சத்தாரா வீட்டுத் திண்ணையிலிருந்து சட்டப் புத்தகம் வரைக்கும் ஒரே கத்தி வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் வந்தது. சலூன் கதவு திறந்ததா? எங்கள் ஊர்ச் சலூன் ஒன்றில் நைனாவை உட்கார வைக்கவில்லை. "அண்ணே, உனக்குப் பண்ணா நாளைக்கி ஊர்க்காரன் ஒருத்தனும் வரமாட்டான். நானு ஒத்த வூட்டுக்காரன், எங்க போவேன்?" என்றார் அந்தக் கடைக்காரர். இது சாக்கு மட்டும் இல்லை, உண்மையும்தான். நாவிதர்கள் பல ஊர்களில் ஒன்றிரண்டு வீடு. காலமெல்லாம் களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்லுக்காக, கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஓடியவர்கள். மருத்துவம் பார்த்ததால் மருத்துவர். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் சாதிப் பெயர் இன்றும் வசைச்சொல். ஊர்வழக்கில் நாவிதருக்குக் 'குடிமகன்' என்று பெயர். அரசியல் சட்டத்தின் தமிழிலும் குடிமகன் என்கிறோம். இரண்டு குடிமகனும் ஒரே ஆளாக ஆவதற்குள் எவ்வளவு காலம்!

அதுக்காக நைனாவைத் திருப்பி அனுப்பியது நியாயம் ஆகிவிடாது. வழக்குப் போட்டால் கத்தி பிடித்தவர் கூண்டில் நிற்பார், மிரட்டினவன் வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பான். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொரு படியிலும் இருப்பவனுக்குக் கீழே மிதிக்க இன்னொருத்தன்.

கத்தி பிடித்தவர்கள் வேறுமாதிரி முடிவெடுத்த தருணமும் வரலாற்றில் இருக்கிறது. 1890-ல் பம்பாயில் சத்யசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே நாவிதர்களைக் கூட்டினார். விதவைகளின் தலையை இனி மழிக்கமாட்டோம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். கூரான கத்தியை எந்தத் தலையில் வைப்பதில்லை என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அது கைத்தேர்ச்சியின் அடுத்த படி. நம்மை மறுத்ததும் கத்தியை மறுத்ததுதான். ஆனால் அது ஊர்க்காரன் முடிவு, பம்பாயில் நடந்தது கைக்காரன் முடிவு.

6

இன்னும் பின்னால் போகலாம். கபிலவஸ்துவில் சாக்கியர்களுக்கு நாவிதராக இருந்தவர் உபாலி. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது உபாலியும் வந்தார். எங்கள் கர்வம் அடங்க வேண்டும், முதலில் இவருக்குத் துறவு கொடுங்கள் என்று அவர்களே புத்தரிடம் கேட்டார்கள். அப்படியே நடந்தது. மூத்த பிக்குவான நாவிதருக்கு இளவரசர்கள் தலைவணங்கினார்கள். விநயத்தில், அதாவது சங்கத்தின் ஒழுக்க விதிகளில், தலைசிறந்தவர் உபாலி என்று புத்தர் சொன்னார். புத்தர் மறைந்த பிறகு ராஜகிருகத்தில் கூடிய முதல் சபையில், மகாகாசியபர் கேட்கக் கேட்க விநயம் முழுவதையும் சொன்னவர் உபாலி. இது பலருக்கும் தெரிந்த கதை.

அதே விநயத்தில் இன்னொரு சின்ன விதி இருக்கிறது. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிக்குகளுக்கு முடி வளர்ந்துவிட்டது. ஒருவருக்கொருவர் மழித்துக்கொள்ள அவர்களால் முடியுமா என்று புத்தர் கேட்கிறார். முடியும் என்கிறார்கள். அப்படியானால் சவரக்கத்தி, அதைத் தீட்டும் கல், கத்தி உறை, மற்ற சவரச் சாமான்கள் எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கிறார். தீட்டுக்கல் பெயர் சொல்லியே அந்தப் பட்டியலில் இருக்கிறது. சங்கத்துக்கு என்று தனியாக ஒரு நாவிதச் சாதியை வைக்கவில்லை. பிராமணனாகப் பிறந்த பிக்குவும் கத்தி தீட்டலாம், தோட்டியாக இருந்து வந்த பிக்குவின் தலையை மழிக்கலாம். இன்றைக்கு என் தலை உன் கத்தியில், நாளைக்கு உன் தலை என் கத்தியில். இந்த ஏற்பாட்டில்தான் ஒருவன் நன்றாகத் தீட்டுகிறானா என்று பொய்யில்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியும். தீர்ப்புச் சொல்கிறவனும் நாளைக்குக் கல்லைப் பிடிக்க வேண்டும் இல்லையா!

7

1903-ல் அமெரிக்காவில் ஜில்லெட் கம்பெனி மாற்று பிளேடு ரேசரை விற்க ஆரம்பித்தது. மழுங்கினால் தூக்கி எறி, தீட்ட வேண்டியதில்லை. நம் ஊர்ச் சலூன்களில் மடக்குக் கத்தி அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நின்றது. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதன் பிறகு புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள் என்று பிரச்சாரம் நடந்தது. பாதி பிளேடை உடைத்து மாட்டுகிற கத்தி எல்லாச் சலூனுக்கும் வந்தது. நல்லதுதான். உயிருக்கு முன்னால் வித்தை பெரிசில்லை. கல்லும் வாரும் பரண் மேல் ஏறின.

ஆனால் கவனியுங்கள். கத்தி தீட்டுகிற தீட்டு போய்விட்டது, மற்ற தீட்டு போகவில்லை. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் சலூன்கள் பற்றிய செய்தி இன்றும் வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் கொண்டுவந்த திருத்தத்திலும் கடைக்குள் நுழைவதைத் தடுப்பது குற்றம் என்று எழுத வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், பெருநகரங்களில் வசதியுள்ளவர்கள் பழைய மடக்குக் கத்தியை ஆசைக்கு வாங்குகிறார்கள், ஜப்பான் கல், பெல்ஜியம் கல் என்று சேர்க்கிறார்கள், யார் தீட்டினது உசத்தி என்று வாதம் பண்ணுகிறார்கள். பண்ணட்டும். கத்தி தீட்டுவது அங்கே கலை. பிழைப்புக்காகத் தீட்டியபோது அது இழிதொழில்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் சேரியில், சனத்துக்குச் சவரம் பண்ணிய தாத்தா, பாட்டி, மாமா யாராவது உயிரோடு இருந்தால் போய் உட்காருங்கள். கல் எங்கிருந்து வந்தது, கத்தியை யார் அடித்துக் கொடுத்தது, வாருக்கு என்ன தோல், கூர் வந்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதற்கு என்ன சொல் வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நாவிதர் வீட்டுக்கும் போங்கள். அவர்கள் பிள்ளைகளும் எழுத வேண்டும். 'இழிதொழில்' என்ற ஒரே வார்த்தையில் நாமும் அதை மூடிவிட்டால், ஆண்டை சொன்ன தீர்ப்பை நாமே படியெடுத்ததாக ஆகும். தொழிலை விட்டு வெளியே வருவது நம் உரிமை. அதில் இருந்த அறிவு யாருடையது என்று பெயர் சொல்லி எழுதி வைப்பதும் நம் உரிமைதான்.

தாத்தாவின் மஞ்சக்கல் என்னிடம் இருக்கிறது. நடுவில் குழி விழாமல் ஒரே மட்டமாகத் தேய்ந்திருக்கிறது. தீட்டத் தெரிந்த எவர் கையில் கொடுத்தாலும் அதைப் பிடித்திருந்தவர் எப்பேர்ப்பட்டவர் என்று சொல்லிவிடுவார்கள்.